பக்கத்து வீட்டோடு பகிரும் வைஃபை சாயங்காலமானால் மெதுவாகிறது, பிளானை உயர்த்தலாமா?

100 எம்பிபிஎஸ் பிளான், பில் பக்கத்து வீட்டோடு பாதிப்பாதி, இருட்டினால் இரண்டு வீட்டிலும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது, 200-க்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாறாதீர்கள். 4கே படத்துக்கே 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ். இரண்டு குடும்பத்துக்கு 100 தாராளம். பெரும்பாலும் குறை நடுவில் இருக்கும் சுவரில்தான் இருக்கும்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், வரிசை வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருப்பது பழைய காலத்துத் தடிச் சுவர். எங்கள் கூடத்து ரவுட்டரிலிருந்துதான் அவர்களுக்கும் வைஃபை போனது. "தம்பி, ஏழு மணிக்கு மேல உங்க நெட்டு நிக்கவே மாட்டேங்குது, பையன் கிளாஸ் பாதியிலயே கட்டாகுது" என்று அந்த அக்கா அடிக்கடி சொல்வார்கள். அதே நேரம் எங்கள் வீட்டில் ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் வேகம் விழும். அவர்களுக்குச் சிக்னல் குறைவு, சரி. எனக்கு ஏன் குறைய வேண்டும்? விடை இங்கேதான் இருக்கிறது.

வைஃபையில் ஒரு சேனலில், அதாவது ஒரு அலைவரிசையில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். ரவுட்டர் பக்கத்திலிருக்கும் சாதாரண போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் 72 எம்பிபிஎஸ் லிங்க்கில் (போனுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வேகம்) பேசும். சுவருக்கு அந்தப்பக்கம் ஒற்றைக் கோடு சிக்னலில் தொங்கும் போன் 6.5-க்கு இறங்கிவிடும். அதே அளவு டேட்டாவை வாங்க அதற்கு 11 மடங்கு நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் உங்கள் போன் சும்மா நிற்கிறது. பிளானை 200 ஆக்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. சில ரவுட்டர்களில் 'ஏர்டைம் ஃபேர்னஸ்' என்று, எல்லாக் கருவிக்கும் பேசும் நேரத்தைச் சமமாகப் பங்கிடும் ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டால் உங்கள் பக்கம் நிமிரும், ஆனால் அவர்கள் பக்கம் இன்னும் படுத்துவிடும். பில்லில் பாதி கொடுப்பவர்களுக்கு அது நியாயமில்லை.

முதலில் ஒன்றை உறுதி செய்யுங்கள். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ரவுட்டரில் வைஃபையை அணைத்துவிட்டு, லேப்டாப்பை லேன் கேபிளில் மாட்டி ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். 90-க்கு மேல் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு வைஃபையில். அப்போதும் 20, 30 என்று இழுத்தால் அது கம்பெனிக்காரர்கள் பார்க்க வேண்டியது, ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுங்கள். மாதக் கடைசியில் மட்டும் மெதுவானால் எஃப்யூபி, அதாவது முழு வேகத்துக்கான மாத டேட்டா அளவு, தீர்ந்திருக்கிறதா என்று ஆப்பில் பாருங்கள். பக்கத்து வீட்டில் போய் அவர்கள் போனின் வைஃபை விவரத்தில் 'லிங்க் ஸ்பீடு' எவ்வளவு என்றும் பாருங்கள். அங்கே 6, 13 என்று தெரிந்தால் இனி சந்தேகமே வேண்டாம்.

கோளாறு வைஃபைதான் என்றால் தீர்வு கேபிள். ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள், வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் ஒரே டேட்டாவைக் காற்றில் இரண்டு முறை அனுப்புகிறது, இருக்கிற நேரத்தையும் பாதியாக்கும். உங்கள் ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து கேட்-6 கேபிள் இழுத்து, அவர்கள் வீட்டில் இன்னொரு ரவுட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' மோடில் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்புவது மட்டும்தான் அதன் வேலை) வையுங்கள். 100 மீட்டர் வரை கேபிள் தாங்கும். கடையில் முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். செம்புப் பூச்சு போட்ட அலுமினியம் மலிவு, ஆனால் கொஞ்ச நாளில் முனை முறியும். கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே திணிக்காதீர்கள், தனிக் கேசிங் அடியுங்கள். எங்கள் வீட்டில் கொல்லைப் பக்கம் ஓட்டை போட்டு, மழைத்தண்ணீர் கேபிள் வழியாக உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக வளைத்து விட்டார் எலக்ட்ரீஷியன். ஒட்டாத தனித்தனிக் கட்டடம் என்றால் செம்புக் கேபிள் வேண்டாம், இடி மின்னலில் இரண்டு பக்க ரவுட்டரும் போகலாம். அங்கே ஃபைபர்தான் சரி.

பிறகு 2.4-இல் இரண்டு ரவுட்டருக்கும் வேறு வேறு சேனல் கொடுங்கள். 1, 6, 11 இந்த மூன்றில்தான், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். டிவி, லேப்டாப் எல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறட்டும். அது சுவரைத் தாண்டத் திணறும், ஆனால் இப்போது தாண்ட வேண்டியதே இல்லையே. எங்களுக்கு இதன்பின் இரண்டு வீட்டிலும் வகுப்பும் படமும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன.

ஆக்சஸ் பாயிண்ட் மோடில் இரண்டு வீடும் ஒரே நெட்வொர்க். உங்கள் பிரிண்டரும் டிவியும் அவர்கள் போனில் தெரியும். அது பிடிக்காவிட்டால் கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாக அந்தக் கேபிளில் அனுப்பும் வசதியுள்ள ரவுட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, அந்த வைஃபையில் யார் தப்பு செய்தாலும், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் போலீஸ் வரும். 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு அமெரிக்கரின் வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. விசாரணை அவர் வீட்டு வாசலில்தான் தொடங்கியது. பல கம்பெனிகள் வீட்டு இணைப்பை வெளியாளோடு பகிரக் கூடாது என்று நிபந்தனை வைக்கின்றன, உங்கள் விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்று படித்துவிடுங்கள். அனுமதி இல்லையென்றால் கேபிள் செலவு செய்யாமல் ஆளுக்கொரு சின்னப் பிளான் எடுப்பதே நல்லது. பகிரலாம் என்றால் டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனையோ பின் எண்ணையோ வைத்து இணையும் வசதி) அணைத்து, பாஸ்வேர்டை இரண்டு வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும் கொடுங்கள். பையன்களின் நண்பர்களுக்கு அது போனது தெரிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.