வாயுவும் நானோ துகளும் கொடுத்தால் கீமோ தேவையில்லையா?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டு கீமோ முடிந்திருக்கிறது, "வாயு சிகிச்சையும் நானோ மருந்தும் வந்துவிட்டது, கீமோவை நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லி ஒருவர் ஹைட்ரஜன் மெஷின் விற்கப் பார்க்கிறார் என்று தாராவியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். டாக்டர் சொல்லாமல் நீங்களாகக் கீமோவைத் தள்ளியும் போடாதீர்கள். மும்பையில் கீமோ டே-கேரில் நர்ஸாக இருக்கிறேன். இதே கேள்வியோடு வருகிற குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

வாயுவை வைத்துப் புற்றுநோயைத் தாக்கப் பார்க்கும் ஆராய்ச்சி உண்மைதான். நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை நம் உடலே சுரக்கிறது. அது ரத்தக்குழாயைத் தளர்த்துவதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது கொஞ்சமாக இருந்தால் கட்டி வளரத் துணைபோகும், நிறையச் சேர்ந்தால்தான் புற்றுச் செல்லைக் கொல்லும். கட்டிக்குள் மட்டும் நிறைய எப்படிச் சேர்ப்பது? ரத்தத்தில் விட்டால் ஹீமோகுளோபின் நொடிகளில் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் வாயுவை உண்டாக்கும் பொருளை நானோ துகளில், அதாவது கண்ணுக்கே தெரியாத மிகச் சிறிய துகளில் வைத்து, கட்டியின் அமிலத்தன்மை பட்டதும் அங்கேயே வெளிவரச் செய்யப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் எலிகளில்தான். அதிலும், ஏற்றிய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது சுமார் 0.7 சதவீதம்தான் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று சொன்னது. மூக்கில் குழாய் வைத்து ஹைட்ரஜன் இழுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நானோ மருந்து என்றால், அது ஏற்கெனவே வார்டில் இருக்கிறது, அதுவும் கீமோதான். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தைக் கொழுப்பு உறைக்குள் அடைத்த லைப்போசோம் மருந்துக்கு அமெரிக்கா 1995இல் அனுமதி தந்தது. சாதா மருந்து தெளிந்த சிவப்பு, இது சற்றுக் கலங்கலாக இருக்கும். சலைனில் கலக்க மாட்டோம், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலில்தான். இதயத்துக்குப் பாதிப்பு குறைவு, ஆனால் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். "சுடுதண்ணியில பாத்திரம் தேய்க்காதீங்கம்மா, இறுக்கமான செருப்பு வேண்டாம்" என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்புவோம். ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் கட்டிய பாக்லிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து 2005இல் மார்பகப் புற்றுக்கே அனுமதி பெற்றது. சாதாரணமாக அரை மணியில் ஏறிவிடும்.

அம்மாவுக்கு இவற்றில் ஏதாவது பொருந்துமா, என்ன செலவாகும் என்று அடுத்த முறை டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். மெஷின்காரர் இதை ட்ரையல் என்று சொன்னால், சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை 2009லிருந்து அங்கே கட்டாயம் பதிய வேண்டும். எண் கொடுத்தால் அந்த இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.