99.8% காட்டிய மாடல் டெஸ்ட் கோப்பில் 76%க்கு இறங்குவது ஏன்?

நண்பரே, எம்.இ. ஐ.டி. ப்ராஜெக்ட்டில் நெட்வொர்க் ஊடுருவல் கண்டறியும் மாடல் கேடிடி கப் 99 என்ற பழைய தரவுத்தொகுப்பில் 99.8% துல்லியம் காட்டுகிறது, அதன் திருத்திய வடிவமான என்எஸ்எல்-கேடிடியின் டெஸ்ட் கோப்பில் 76%தான் வருகிறது, கைடு காரணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதல் எண்ணை நம்பாதீர்கள். கேடிடி கப் 99 பயிற்சிப் பதிவுகளில் சுமார் 78% அப்பட்டமான நகல்கள். நீங்களே 80:20 என்று பிரித்தால் ஒரே வரி இரு பக்கமும் விழும். மாடல் மனப்பாடம் செய்ததையே ஒப்பிக்கும். 2009இல் என்எஸ்எல்-கேடிடி வந்ததே இதைச் சரிசெய்யத்தான். அதன் டெஸ்ட் கோப்பில் பயிற்சியில் இல்லாத 17 தாக்குதல் வகைகள் இருப்பதால் எண் இறங்கத்தான் செய்யும். 76%ஐயே தைரியமாக ரிப்போர்ட்டில் போடுங்கள்.

ஆனால் கோடில் இவற்றைப் பார்த்துவிடுங்கள். என்எஸ்எல்-கேடிடி கோப்பின் 43ஆவது பத்தி (column) அந்தப் பதிவைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்லும் மதிப்பெண். அது மாடலுக்கு உள்ளீடாகத் தரும் அம்சம் (feature) அல்ல, நீக்குங்கள். ‘சர்வீஸ்’ பத்தியில் பயிற்சிக் கோப்பில் 70 மதிப்புகள், டெஸ்டில் 64தான். இரு கோப்புகளையும் தனித்தனியே ஒன்-ஹாட் செய்தால், அதாவது ஒவ்வொரு மதிப்பையும் தனி 0/1 பத்தியாக்கினால், 122, 116 என்று பத்திகள் பொருந்தாது. இப்படி மாற்றும் என்கோடர், எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஸ்கேலர் இரண்டையும் பயிற்சிக் கோப்பில் மட்டும் ஃபிட் செய்யுங்கள்.

யூ2ஆர் (சாதாரணப் பயனர் நிர்வாகி அதிகாரத்தைக் கைப்பற்றும் தாக்குதல்) வகைக்கு 1,25,973 பயிற்சிப் பதிவுகளில் வெறும் 52. அத்தனையும் தவறினாலும் மொத்தத் துல்லியம் அசையாது. வகைவாரியாக ரீகால் (உண்மையான தாக்குதல்களில் எத்தனை சதவீதம் பிடிபட்டது) அட்டவணை கொடுங்கள். கைடு முதலில் தேடுவது அதைத்தான்.