கட்டுப்பாட்டு ரசாயனம் இறக்குமதி: சரக்கு கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேள்வி: சிறிய அளவில் ரசாயன வணிகம் செய்கிறோம். அசிட்டிக் அன்ஹைட்ரைடு, டிரைஎத்தனாலமைன் இரண்டையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைக்கிறோம். முன்பணம் கட்டினால் உடனே அனுப்பிவிடுவதாக விற்பவர் சொல்கிறார். என்னென்ன அனுமதி வேண்டும், எங்கே தொடங்குவது?

பதில்: முன்பணத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். சாதாரணச் சரக்கு என்றால் துறைமுகத்துக்கு வந்த பிறகும் ஆவணங்களைச் சரிசெய்ய ஓரளவு வழி இருக்கும். கட்டுப்பாட்டு ரசாயனத்தில் அந்த வழியை நம்பவே கூடாது. அனுமதி கைக்கு வந்த பிறகுதான் சரக்கு கப்பலேற வேண்டும். இல்லையென்றால் பீப்பாய்கள் முடங்கும், டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) ஏறும், பறிமுதல் வரைக்கும்கூடப் போகலாம்.

நீங்கள் கேட்ட இரண்டும் இரண்டு வெவ்வேறு உலக ஒப்பந்தங்களின் கீழ் வருகின்றன. சாயம், ஆஸ்பிரின், செல்லுலோஸ் அசிட்டேட் தயாரிப்பில் பயன்படும் அசிட்டிக் அன்ஹைட்ரைடு ஹெராயின் தயாரிக்கவும் திருப்பிவிடப்படுவதால், ஐ.நா.வின் 1988 போதைப்பொருள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. 2001-ல் அதை இரண்டாம் அட்டவணையிலிருந்து கடுமையான முதல் அட்டவணைக்கு மாற்றினார்கள். டிரைஎத்தனாலமைன் அழகுப் பொருள்களிலும் சிமெண்ட் கலவையிலும் சேர்வதுதான். ஆனாலும் 1997-ல் அமலுக்கு வந்த ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் மூன்றாம் அட்டவணையில் அதற்கு இடம் உண்டு. ஆகவே பல நாடுகளில் இவற்றுக்கு வெவ்வேறு துறைகளை அணுக வேண்டியிருக்கும்.

எந்த ரசாயனமானாலும் சி.ஏ.எஸ். எண்ணிலிருந்து, அதாவது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உலக அளவில் தரப்படும் தனி அடையாள எண்ணிலிருந்து தொடங்குங்கள். அசிட்டிக் அன்ஹைட்ரைடுக்கு 108-24-7, டிரைஎத்தனாலமைனுக்கு 102-71-6. வணிகப் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. "தின்னர்" என்று வரும் டப்பாவுக்குள் டொலுயீனோ அசிட்டோனோ இருக்கலாம். இரண்டும் 1988 ஒப்பந்தத்தின் இரண்டாம் அட்டவணைக்காரர்கள். கலவை என்றால், விற்பவர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் (எஸ்.டி.எஸ்.) மூன்றாம் பிரிவில் சதவீதத்தைப் பாருங்கள். எத்தனை சதவீதம் வரை விலக்கு என்பது நாட்டுக்கு நாடு, பொருளுக்குப் பொருள் மாறும். அதை உங்கள் நாட்டு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அசிட்டிக் அன்ஹைட்ரைடு போன்ற, 1988 ஒப்பந்தத்தின் முதல் அட்டவணைப் பொருளில் இன்னொரு சங்கதி உண்டு. இறக்குமதி நாடு கோரியிருந்தால், சரக்கு கிளம்புவதற்கு முன்பே ஏற்றுமதி நாட்டு அரசு அதற்கு முன்னறிவிப்பு அனுப்பியாக வேண்டும். விற்பவர், வாங்குபவர் முகவரி, பொருள், அளவு, நுழையும் இடம், அனுப்பும் உத்தேசத் தேதி எல்லாம் அதில் இருக்கும். 2006 முதல் இது பென் ஆன்லைன் என்ற இணைய அமைப்பு வழியாகவே பெரும்பாலும் நடக்கிறது. அதாவது, நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் பெயர் உங்கள் நாட்டு அதிகாரியின் மேசைக்குப் போய்விடும். அங்கே உங்கள் நிறுவனம் பதிவாகியிருக்கவில்லை என்றால், ஆட்சேபம் கிளம்பி சரக்கு அங்கேயே நின்றுவிடலாம். எனவே முதலில் பதிவு அல்லது உரிமம், பிறகு அந்தச் சரக்குக்கான இறக்குமதி அனுமதி, அப்புறம்தான் ஆர்டர்.

விண்ணப்பத்தில் அதிகம் சிக்கல் வருவது அளவில்தான். "தொழில் பயன்பாட்டுக்கு" என்று ஒரு வரி எழுதினால் போதாது. எந்தப் பொருள் தயாரிக்க, ஒரு டன்னுக்கு எத்தனை கிலோ செலவாகும், மாதம் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று கணக்குக் காட்டுங்கள். நீங்கள் வணிகர் என்பதால் வாங்கப்போகிறவர்களின் பட்டியலும் அவர்களின் இறுதிப் பயன்பாட்டு உறுதிமொழியும் சேர வேண்டும். கிடங்கு உரிமத்தையும் கூடவே தயார் செய்யுங்கள். அசிட்டிக் அன்ஹைட்ரைடு அரிக்கும், தீயும் பிடிக்கும்; ஆபத்தான சரக்குகளை அடையாளம் காட்டும் ஐ.நா. எண் அதற்கு 1715.

இன்வாய்ஸ், சரக்குப் பட்டியல், கப்பல் ஆவணம், சுங்க அறிவிப்பு எல்லாவற்றிலும் ஒப்பந்த அட்டவணையில் உள்ள அதே பெயர் இருக்கட்டும், அளவும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்றில் வணிகப் பெயர், இன்னொன்றில் ரசாயனப் பெயர் என்று இருந்தாலே சந்தேகம் வந்துவிடும். டிரைஎத்தனாலமைனுக்கு, ரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் சேராத நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும்போதுதான் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் கட்டாயம். ஆனால் ஏற்றுமதி நாட்டின் சொந்தச் சட்டம் அதற்கு மேலும் கேட்கலாம்.

உங்கள் விற்பவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்பவர் உங்கள் உரிமத்தையும் பயன்பாட்டு உறுதிமொழியையும் அவரே முதலில் கேட்பார். எதையும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

சரக்கு வந்த பிறகும் பொறுப்பு தொடர்கிறது. 1988 ஒப்பந்தப்படி ஆவணங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் அதைவிட நீண்ட காலம் கேட்டால் அதுவே செல்லும். யாருக்கு, என்று, எவ்வளவு விற்றீர்கள் என்ற பதிவேடும் தேவை. புதிய வாடிக்கையாளர் ஒருவர் பயன்பாட்டைச் சொல்லத் தயங்கி, ரொக்கமாகத் தருகிறேன் என்று அதிக அளவு கேட்டால், விற்காமல் அதிகாரிக்குத் தெரிவியுங்கள்.