கேளுங்கள், சொல்கிறோம்: சார்ஜ் பண்ணும் பற்றரிகள்

பிரஷர் பார்க்கிற மெஷினுக்கு நாலு பென்ரோச் (AA) பற்றரி போட வேணும். மகன் சார்ஜ் பண்ணுற பற்றரி வாங்கித் தந்திருக்கிறார். அதிலை 1.2 வோல்ற் எண்டு கிடக்கு, பழையதிலை 1.5. போட்ட உடனை ‘பற்றரி குறைவு’ எண்டு காட்டுது. பற்றரி பழுதோ?
– வாசகி, கோண்டாவில்

பழுதில்லை, அம்மா. 1.5 என்பது அல்கலைன் பற்றரி புதிதாக இருக்கும்போது உள்ள அளவு. பாவிக்கப் பாவிக்க அது சரிந்துகொண்டே போகும். பாதிச் சக்தி தீரும்போதே 1.2ஐ அண்டி வந்துவிடும். நீங்கள் வைத்திருக்கும் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரியின் சுபாவம் வேறு. சார்ஜரால் எடுத்தவுடன் 1.4 வரை காட்டும், வேலை தொடங்கியதும் 1.2க்குச் சற்று மேலே இறங்கி, கடைசி வரை அங்கேயே நின்று, முடிகிற நேரத்தில் சடாரென்று விழும். மெஷினின் குறிகாட்டி அல்கலைனின் சரிவை வைத்துக் கணக்குப் பார்க்கிறது. அதனால் நிறைந்த பற்றரியையும் அரைகுறை என்று எடுத்துக்கொள்கிறது.

உண்மையில் கைப்பட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டருக்கு இந்தப் பற்றரி நல்லது. உள்தடை குறைவு என்பதால் மோட்டர் இழுக்கும்போது வோல்ற் அதிகம் சரியாது. முழுதாகச் சார்ஜ் பண்ணி, கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று தரம் அளந்து பாருங்கள். காற்று தடங்கலின்றி ஏறி இறங்கினால் ‘பற்றரி குறைவு’ என்ற குறியைப் பொருட்படுத்த வேண்டாம். இடையில் நின்றாலோ, பிழைக் குறி வந்தாலோ, மெஷினோடு வந்த கையேடு அல்கலைன் மட்டும் என்று சொன்னாலோ அல்கலைனே போடுங்கள். மருந்தின் அளவைத் தீர்மானிக்கிற கருவியில் சிக்கனம் பார்க்க வேண்டியதில்லை.

சார்ஜரும் நாலு பற்றரியும் வாங்கி, ஒவ்வொரு இரவும் போட்டு விடியத்தான் கழட்டுவன். சில மாதத்திலேயே ரோச் அஞ்சு நிமிசம் கூட எரியுதில்லை. ஆயிரம் தரம் சார்ஜ் பண்ணலாம் எண்டு பெட்டியிலை போட்டிருந்தது.
– வாசகர், சாவகச்சேரி

முதலில் சார்ஜரின் பின்புறத்தைப் பாருங்கள். ‘வெளியீடு’ என்ற வரியில் எத்தனை மில்லியம்பியர் என்று போட்டிருக்கும். பற்றரியில் கொள்ளளவு 2000 (மில்லியம்பியர்-மணி) என்றும் சார்ஜரில் 200 என்றும் இருந்தால், வெறும் வகுத்தலில் 10 மணித்தியாலம் வரும். உள்ளே போவது முழுவதும் தங்காது என்பதால் 14 முதல் 16 மணித்தியாலம் தேவை. அப்படியானால் இரவு முழுவதும் விட்டது பிழையல்ல. சார்ஜர் 500 கொடுப்பதாக இருந்தால் ஐந்து மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்துவிடும். தானாக நிற்காத சார்ஜராக இருந்தால், மிச்ச இரவு முழுவதும் பற்றரி உள்ளே அவிந்துகொண்டிருக்கும். நிறைந்த பிறகு போகும் மின்சாரம் வெப்பமாகவே வெளிவரும். உள்ளே வாயு அழுத்தம் கூடி, திரவம் மெல்ல மெல்லக் காய்ந்துபோகும். பெட்டியிலுள்ள ஆயிரம், பக்குவமாகச் சார்ஜ் பண்ணினால் கிடைக்கிற கணக்கு.

இன்னொரு வகைச் சார்ஜர், நேரக் கணக்கில் நிற்பது. கரண்ட் அடிக்கடி போகும் இடத்துக்கு இது உதவாது. கரண்ட் போய் வந்ததும் மணிக்கூடு பூச்சியத்திலிருந்து தொடங்கும். முக்கால்வாசி நிறைந்த பற்றரிக்கு மறுபடி முழு நேரமும் ஓடும். வாங்க வேண்டியது, ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியாகப் பார்த்து நிறுத்தும் சார்ஜர். கடையில் அடையாளம் இலகு: நாலு குழிக்கும் நாலு விளக்கு இருக்க வேண்டும், ஒற்றைப் பற்றரியையும் சார்ஜ் பண்ண வேண்டும். சோடி சோடியாகத்தான் போடலாம் என்றால் விட்டுவிடுங்கள். சார்ஜரை அடுப்படியிலோ குளிர்சாதனப் பெட்டியின் மேலோ வைக்காதீர்கள். பங்குனி, சித்திரை வெக்கையில் விடியப்புறமே நல்ல நேரம். முடிகிற நேரம் இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு இயல்பல்ல.

பற்றரியையும் சந்தேகப்படலாம். பென்ரோச் அளவில் 2800க்கு மேல் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். நிறுத்துப் பாருங்கள்: நல்லது 25 கிராமுக்கு மேல் நிற்கும். நகைக்கடைத் தராசு போதும். பெரிய எண்களை விட, ‘சுயமின்னிறக்கம் குறைவு’ என்ற வகையில் 2000 அளவு கொண்டதே வீட்டுக்கு உகந்தது. 2005இல் சன்யோ நிறுவனம் ‘எனெலூப்’ என்ற பெயரில் கொண்டுவந்த வகை அது. சும்மா வைத்தாலும் ஒரு வருடத்தின் பின் பெரும்பகுதி சக்தி மிச்சமிருக்கும். பழைய வகை ஒரு மாதத்திலேயே கணிசமாக இறங்கிவிடும்.

ரோச்சைப் பற்றி ஒன்று. ஒளி மங்கியதும் நிறுத்துங்கள். வரிசையாகப் போட்ட பற்றரிகளில் நலிந்தது முதலில் தீர்ந்துவிடும். மற்றவை அதனூடாக மின்சாரத்தைத் தள்ளும்போது அதன் முனை தலைகீழாகி நிரந்தரமாகக் கெடும். அதனால்தான் ஒரு நாளில் வாங்கியவற்றை மார்க்கரால் ‘அ1, அ2’ என்று எழுதி, என்றும் ஒன்றாகவே பாவிக்கச் சொல்கிறோம்.

சுவர் மணிக்கூடு, றிமோட், காஸ் அடுப்பு எல்லாத்துக்கும் மாத்தலாமோ?
– வாசகி, நெல்லியடி

மணிக்கூட்டுக்கு வேண்டாம். ஒரு காபன் பற்றரி ஏறத்தாழ ஒரு வருடம் ஓட்டும். வருடப்பிறப்போடு மாற்றிவிடுங்கள், கசியாது. றிமோட்டுக்குப் போடலாம், ஆனால் மிச்சம் பிடிப்பது சொற்பம். பொறி தட்டும் அடுப்புக்கு வாங்கியபோது இருந்த வகையே போதும். விளையாட்டுக் கார், ரோச், கமராவின் பிளாஷ், வயர்லெஸ் மவுஸ்: லாபம் இங்கேதான். சார்ஜரும் நாலு பற்றரியும் சேர்ந்த விலையை ஒரு அல்கலைனின் விலையால் பிரித்துப் பாருங்கள். வருகிற எண்ணிக்கையளவு அல்கலைன் உங்கள் வீட்டில் இரண்டு வருடத்தில் முடியாவிட்டால் அவசரப்பட வேண்டாம்.

பொருளாதாரத் தடை இருந்த காலத்திலை பற்றரியை வெயிலிலை காயப்போட்டு, உப்புத்தண்ணி விட்டு ரேடியோ கேட்டம். இப்ப சார்ஜ் பற்றரியையும் அப்பிடி எழுப்பலாமோ? பேரன் தந்த யூஎஸ்பி பற்றரியைப் போட்டால் ரேடியோ கரகரக்குது.
– வாசகர், காரைநகர்

அன்று வேலை செய்ததற்குக் காரணம் உண்டு, ஐயா. காபன் பற்றரியின் உள்ளே பசை காய்ந்து, வேதிப்பொருட்கள் ஒன்றையொன்று சேர முடியாமல் நிற்கும். சூடு அவற்றை நகர்த்தும், உப்புத்தண்ணீர் காய்ந்த பசைக்கு ஈரம் கொடுக்கும். கொஞ்ச நேரத்துக்குத்தான். சார்ஜ் பற்றரிக்கோ வெயில் எதிரி. அதைத் துளைத்தால் உள்ளிருக்கும் காரம் கையைப் பொசுக்கும்.

யூஎஸ்பி பற்றரிக்குள் இருப்பது 3.7 வோல்ற் லித்தியம். அதை 1.5க்கு இறக்க ஒரு சிறு சுற்று மிக வேகமாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அந்த இரைச்சலைத்தான் மத்திய அலையிலும் சிற்றலையிலும் கேட்கிறீர்கள். வானொலிக்கு நிக்கல் வகை போடுங்கள், கரகரப்பு நின்றுவிடும். அந்தச் சுற்று இல்லாத, பென்ரோச் அளவிலேயே உள்ள 3.7 வோல்ற் லித்தியமும் விற்பனைக்கு உண்டு. மாறிப் போட்டால் ரேடியோ எரிந்துபோகலாம். எண்ணை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

பற்றரி கசிஞ்சு ரோச்சின்ரை ஸ்பிரிங்கிலை வெள்ளைப் பூப் பிடிச்சுப்போச்சு.
– வாசகர், ஊர்காவற்றுறை

அல்கலைன் கசிவு காரமானது. பஞ்சுக் குச்சியில் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ தொட்டுத் தேய்த்தால் நுரைத்துக் கரையும். காபன் பற்றரியின் கசிவு அமிலப் பக்கம், அதற்கு அப்பச்சோடாக் கரைசல். பிறகு ஈரத் துணியால் துடைத்து நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிங்கின் முனையை நொய் அரத்தாளால் ஒரு தரம் உரசுங்கள். கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். கழித்த பற்றரியைக் குப்பையோடு எரிக்கவும் வேண்டாம், வளவில் புதைக்கவும் வேண்டாம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே விட்டது கிணற்றுக்கு இறங்க அதிக நாள் எடுக்காது. முனைகளுக்கு ரேப் ஒட்டி, ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் சேர்த்து, இலத்திரனியல் கழிவு சேகரிக்கும்போது கொடுத்துவிடுங்கள்.