எர்கோஸ்டெரால் வராமல் ஸ்குவாலீன் தேங்குவது ஏன்?

கேள்வி: ரப்பர் மூடி போட்ட குடுவையில் பேக்கரி ஈஸ்ட் வளர்க்கிறேன். கேஸ் குரோமட்டோகிராஃபியில் (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் முறை) பார்த்தால், ஈஸ்டின் செல் சவ்வுக்கான ஸ்டெரால் வகைக் கொழுப்பான எர்கோஸ்டெரால் சொற்பம், அதற்கு முந்தைய இடைப்பொருளான ஸ்குவாலீன்தான் அதிகம். குளுக்கோஸைக் கூட்டியும் பயனில்லை. இதே ஈஸ்டில் எண்ணெயும் எடுக்க முடியுமா?

பதில்: உங்கள் ஈஸ்டுக்குப் பற்றாக்குறை ஆக்சிஜன்தான். கொழுப்புகளைக் கட்ட செல்லுக்கு மூலப்பொருளான அசிட்டைல் கோஏ-விலிருந்து ஸ்குவாலீன் வரை காற்றே தேவையில்லை. அடுத்து வரும் ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதி ஆக்சிஜன் இல்லாமல் அசையாது. அதன்பின் உருவாகும் முதல் ஸ்டெராலான லானோஸ்டெராலைத் தாண்டிய பல படிகளும் அப்படித்தான். ஒரு எர்கோஸ்டெரால் மூலக்கூறு உருவாக 12 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகும். குளுக்கோஸைக் கூட்டியது நிலைமையை மோசமாக்கியிருக்கும். சர்க்கரை மிகுந்தால், காற்று இருந்தாலும் இந்த ஈஸ்ட் எத்தனால் செய்யப் போய்விடும்.

மூடியை எடுத்துவிட்டுப் பஞ்சால் அடையுங்கள். 250 மி.லி. குடுவையில் 50 மி.லி.க்கு மேல் ஊடகம் வேண்டாம். 25 இன்னும் நல்லது. குளுக்கோஸ் 2 சதவீதம், வெப்பம் 30 டிகிரி செல்சியஸ், குலுக்கும் வேகம் நிமிடத்துக்கு 200 சுற்று. குளுக்கோஸ் தீர்ந்தவுடன் அறுவடைக்கு அவசரப்படாதீர்கள். செல்கள் எத்தனாலையும் தின்று வளர்ச்சி நின்ற பிறகுதான் உபரி ஸ்டெரால், கொழுப்பமிலத்தோடு இணைந்து எஸ்டராகிக் கொழுப்புத் துளிகளில் சேரும்.

அந்த எஸ்டரை உடைக்காமல் அளந்தால் கணக்கு குறையும். 25 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை 35 மி.லி. நீரில் கரைத்து, எத்தனால் சேர்த்து 100 மி.லி. ஆக்குங்கள். கரைக்கும்போது நன்றாகச் சூடேறும், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கழுவிய செல்களில் இதை 3 மி.லி. விட்டு, மூடி இறுகிய கண்ணாடிக் குழாயில் 85 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆறியபின் 1 மி.லி. நீர், 3 மி.லி. ஹெப்டேன் சேர்த்து 3 நிமிடம் வேகமாகக் கலக்குங்கள். ஸ்டெரால் மேலடுக்குக்கு வந்துவிடும். சூடாக இருக்கும்போதே ஹெப்டேனை ஊற்றுவது ஆபத்து, எளிதில் தீப்பற்றும். மேலடுக்கை எத்தனாலில் ஐந்து மடங்கு நீர்த்து, 240 முதல் 300 நானோமீட்டர் வரை ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். நான்கு முகடுகள் தெரிந்தால் எர்கோஸ்டெரால் இருக்கிறது. ஸ்குவாலீன் இந்த வீச்சில் தெரியாது. சாற்றை வெளிச்சத்தில் விடாதீர்கள். புற ஊதாக் கதிர் பட்டால் எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2-வின் முன்னோடியாக மாறத் தொடங்கும். வைட்டமின் தயாரிப்பவர்களுக்கு வேண்டியதே அந்த மாற்றம்தான், அளப்பவருக்கு அது இழப்பு.

எண்ணெய்க்கு இந்த ஈஸ்ட் சரிப்படாது. சிட்ரேட்டை உடைத்து அசிட்டைல் கோஏ தரும் ஏடிபி சிட்ரேட் லையேஸ் இதனிடம் இல்லை. அந்த நொதி உள்ள யாரோவியா லிப்போலிட்டிகா என்ற வேறு ஈஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் தீர்ந்து சர்க்கரை மிஞ்சும்படி ஊடகத்தை அமையுங்கள்; செல் பெருக்கம் நின்று, கார்பன் கொழுப்பாகும். நைட்ரஜனை ஆரம்பத்திலேயே அளவுக்கு மீறிக் குறைத்தால் எண்ணெயைச் சேர்த்துவைக்கப் போதிய செல்களே இருக்காது.