தடயவியல் பணியை அருகிருந்து பார்க்கப் பணம் கட்டலாமா?

கேள்வி: நான் மஸ்கெலியாவில் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கிறேன். தடயவியல் துறையில் சேர ஆசை. ‘ஜொப் ஷெடோவிங்’ என்று சொல்லி, குற்றம் நடந்த இடத்தில் தடயம் சேகரிக்கும் பொலிஸ் சோகோ (SOCO) பிரிவினருடன் இரண்டு வாரம் இருக்க வைப்பதாக ஹட்டனில் ஒருவர் 35,000 ரூபா கேட்கிறார். அடையாள அட்டைப் பிரதியையும் வாங்கிக்கொண்டார். அப்பா கடன் வாங்கவும் தயாராக இருக்கிறார். கட்டலாமா?

பதில்: ஒரு சதமும் கட்ட வேண்டாம். குற்றம் நடந்த இடத்துக்குள் யார் போனார், எதைத் தொட்டார் என்பதையெல்லாம் பின்னர் நீதிமன்றத்தில் துருவித் துருவிக் கேட்பார்கள் என்பதால், பயிற்சி இல்லாத ஒரு மாணவியைக் கயிற்றுக்கு உள்ளே விடப் பொறுப்புள்ள எந்த அதிகாரியும் இணங்க மாட்டார். காசுக்கு இணங்குபவரிடம் கற்க எதுவும் இல்லை. அவர்கள் தரும் சான்றிதழாலும் பயனில்லை. சோகோ அதிகாரியாகப் பொலிஸ் சேவையில் சேர வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியாக மருத்துவப் பட்டம் வேண்டும். அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் ஆய்வுப் பணிக்கு விஞ்ஞானப் பட்டம் வேண்டும். ‘தடயவியல் டிப்ளோமா’ விற்பவர்களிடமும் இதே எச்சரிக்கை தேவை: மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனமும் அந்தப் பாடநெறியும் பதிவாகியுள்ளனவா என்று பார்க்காமல் பணப்பையைத் திறக்காதீர்கள்.

இத்தொழிலை இலவசமாகப் பார்க்க ஓர் இடம் உண்டு. நுவரெலியா, கண்டி, பதுளை மேல் நீதிமன்றங்களில் கொலை வழக்கு விசாரணை நடக்கும் நாளில் பின்வரிசையில் போய் அமருங்கள். ஆய்வு செய்தவன் என்ற முறையில் நான் சாட்சியமளித்த ஒரு வழக்கில், இரத்தக் கறை படிந்த சட்டை இருந்த உறையின் அரக்கு முத்திரையைக் கையில் பிடித்தபடி, அதை மாதிரி முத்திரையோடு ஒப்பிட்டேனா, எப்போது திறந்தேன், அதுவரை எங்கே பூட்டி வைத்தேன் என்று எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) சட்டத்தரணி அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். ஆய்வைப் பற்றிக் கேட்டவை இரண்டே கேள்விகள். இத்தொழிலின் பெரும்பகுதி, சான்றுப் பொருளை இடையில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் இந்த முத்திரையும் பதிவேடும்தான்.

நீதிமன்ற அமர்வுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆனால், பாலியல் விடயங்கள், குடும்ப உறவுகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் நீதிபதி பொதுமக்களை வெளியே இருக்கச் சொல்லலாம். அதையும் அதே உறுப்புரைதான் அனுமதிக்கிறது. அப்படி வெளியே அனுப்பினால், உங்களைத் துரத்திவிட்டார்கள் என்றோ, யாரையாவது பிடித்தால் உள்ளே போகலாம் என்றோ எண்ண வேண்டாம். பாதிக்கப்பட்டவரைக் காப்பதற்காகவே அக்கதவு மூடப்படுகிறது. அன்று வேறொரு வழக்கைப் பாருங்கள், அல்லது இன்னொரு நாள் வாருங்கள்.

மலையகத்தில் விசாரணை பெரும்பாலும் சிங்களத்திலேயே நடக்கும். தமிழும் அரச கரும மொழி என்று சட்டத்தில் எழுதிவிட்டு, ஒரு தோட்டத்துப் பிள்ளை தன் மொழியில் விபரம் கேட்டு எழுதினால் பதில் வராத நிலையை இத்தனை வருடங்களாக வைத்திருப்பது எனக்குத் தாங்க முடியாத கோபத்தைத் தருகிறது. அந்த வெற்றிடத்தில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். சிங்களம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். கைத்தொலைபேசியை அணைத்து வையுங்கள். அதற்கு முன், அப்பாவோடு போய் அந்த ஆளிடமிருந்து உங்கள் அடையாள அட்டைப் பிரதியைத் திருப்பி வாங்குங்கள். தர மறுத்தால் ஹட்டன் பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள்.