முடிச்சூர் மனையில் 36 லட்சத்துக்கு வீடு முடியுமா?

தம்பி, துபாய் வந்து எட்டு மாதம் ஆகிறது, தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் அப்பா வாங்கிப் போட்ட அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி மனை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கான்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,400 ரூபாய் சொல்கிறார், கீழும் மேலுமாக 1,500 சதுர அடிக்கு 36 லட்சம் வருகிறது, 40 லட்சம் லோன் போட்டால் தாராளமாக முடிந்துவிடுமா என்பது உங்கள் கேள்வி. முடியாது. நீங்கள் சொல்லும் வீடு 54, 55 லட்சத்தில் போய் நிற்கும். குரோம்பேட்டையில் அப்பா அம்மா வாடகைக்கு இருக்கும்போது இப்படிச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரூஃப் போட்டதோடு பணம் தீர்ந்து, கம்பி துருப்பிடித்து நிற்கும் வீடுகளைத் தாம்பரம் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல நம்மைப் போல வளைகுடாவில் இருப்பவர்களுடையவை.

கான்ட்ராக்டர் சொல்லும் 2,400 பொய்யில்லை. இன்றைக்குச் சென்னையில் நடக்கிற ரேட்தான். அதில் எது அடக்கம், எது தனி என்பதைத்தான் நாம் கேட்பதில்லை. முதலில் அளவு. உங்கள் மனக்கணக்கில் 1,500 என்பது வீட்டுக்குள் இருக்கும் இடம். அவர் அளக்கும்போது போர்ட்டிகோ, பால்கனி, மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கு மேலே போடும் ஹெட்ரூம் எல்லாம் சேரும். 150 சதுர அடி கூடினாலே 3.6 லட்சம். அப்புறம் போர்வெல், சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட். இவை பெரும்பாலும் ரேட்டில் வராது. ஐந்து லட்சம் ஒதுக்கி வையுங்கள். பிளான், இன்ஜினியர், இ.பி. (கரண்ட்) கனெக்‌ஷன் என்று ஒன்றரை லட்சம். ஜி.எஸ்.டி. சேர்த்துத்தான் 2,400-ஆ என்று எழுத்தில் கேளுங்கள். பொருளோடு சேர்த்த கான்ட்ராக்டுக்கு அது 18 சதவீதம். கடைசி பில்லில் அதைத் தூக்கிப் போட்டால் ஆறு லட்சத்துக்கு மேல் போய்விடும்.

ரேட் ஷீட்டில் ‘தரை டைல்ஸ் சதுர அடி 50 ரூபாய் வரை’ என்று ஒரு வரி இருக்கும். அம்மாவை டைல்ஸ் கடைக்குக் கூட்டிப் போங்கள், 50 ரூபாய் ரகத்தைக் கடைக்காரர் ஒரு மூலையில் சாய்த்து வைத்திருப்பார். வெளிச்சத்தில் இருப்பதெல்லாம் 85, 90. வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்த அம்மா அதைத் தடவிப் பார்க்கும்போது யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது, சொல்லவும் வேண்டாம். ஆனால் அந்த வித்தியாசம் உங்கள் பட்ஜெட்டில் முதலிலேயே இருக்கட்டும். பாத்ரூம் குழாய், சுவிட்ச், உள் கதவு எல்லாவற்றிலும் இதே கதைதான். டைல்ஸும் ஃபிட்டிங்ஸும் சேர்த்துக் கூடுதலாக இரண்டு லட்சம். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபேன், ஒரு ஏ.சி. என்று போனால் ஐந்து லட்சம்.

முடிச்சூர் என்பதால் இன்னொரு செலவு உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி இருந்தன என்று அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். அங்கே கட்டுகிறவர்கள் பேஸ்மென்ட், அதாவது வீட்டுத் தரையைத் தாங்கும் மேடையின் உயரத்தைக் குறைக்கக் கூடாது. கான்ட்ராக்டர் சொல்லும் ரேட்டில் எத்தனை அடி அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டுப் போட்டு, சென்னையில் எத்தனையோ பழைய வீடுகளின் வாசல் இன்று ரோட்டுக்குக் கீழே கிடக்கிறது. அதனால் இன்றைய ரோடு மட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டு, அதற்கு மேலே தரை வரட்டும். கிராவல் நிரப்புவதற்கும் கூடுதல் கட்டுமானத்துக்கும் ஒன்றரை லட்சம் போடுங்கள். சாயில் டெஸ்ட்டைக் கட்டாயம் எடுங்கள். அதில் களிமண் என்று வந்தால் ஃபவுண்டேஷன் கணக்கே மாறும்.

இப்போது துபாய்ப் பக்கம். அடுத்த வருஷம் மனைவியையும் குழந்தையையும் கூட்டி வரப்போவதாகச் சொல்கிறீர்கள். இங்கே வாடகை மாதாமாதம் போவதில்லை, வருஷத்துக்கு இரண்டு செக், நான்கு செக் என்று மொத்தமாகப் போகும். ஸ்கூல் ஃபீஸ், விசா, வருஷா வருஷம் ஊருக்கு டிக்கெட் எல்லாம் அதோடு சேரும். இன்று தனியாளாக ரூம் ஷேர் செய்துகொண்டு மிச்சம் பிடிக்கும் தொகையை வைத்து 20 வருஷ லோனைக் கணக்குப் போடாதீர்கள். குடும்பம் வந்தபின் மிஞ்சப்போவது எவ்வளவோ அதுதான் உங்கள் பணம். வேலை போனால் விசாவும் போகும் என்பது இங்கே எல்லாருக்கும் பொது. வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டியை நம்பலாமா என்றால், ஒரு வருஷம் முடிக்காமல் அது கிடையாது. முடித்தாலும் முதல் ஐந்து வருஷங்களுக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம்தான்.

40 லட்சம் லோன், 20 வருஷம், வட்டி 8.5 சதவீதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 34,700 ரூபாய். திர்ஹாமை 20 ரூபாய் என்று வைத்தே கணக்குப் பாருங்கள். இன்றைய ரேட் அதைவிட மேலேதான், ஆனாலும் அந்த லாபம் கையில் மிச்சமாக வரட்டும், திட்டத்துக்குள் வேண்டாம். வேலையே இல்லாமல் ஆறு மாதம் ஊரில் உட்கார்ந்தாலும் சேமிப்பிலிருந்து கட்ட முடிகிற இ.எம்.ஐ.தான் உங்களுக்குச் சரியான இ.எம்.ஐ. என்னிடம் கேட்கிற எல்லாரிடமும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆகவே என் யோசனை: கீழ் வீட்டை மட்டும் இப்போது கட்டுங்கள். ஃபவுண்டேஷனும் பில்லரும் இரண்டு தளத்துக்குப் போட்டுவிடுங்கள், மாடி பிறகு எழும்பட்டும். 750 சதுர அடிக்கு 18 லட்சம். படி, போர்ட்டிகோ, போர், சம்ப், சுவர், உயரம், அளவான மர வேலை எல்லாம் சேர்த்து 32, 33 லட்சத்தில் அப்பா அம்மா குடியேறலாம். 20 லட்சம் லோன் என்றால் இ.எம்.ஐ. சுமார் 17,350 ரூபாய் வரும். மீதி 12, 13 லட்சத்தை அடுத்த ஒன்றரை வருஷத்தில் சேருங்கள், சேர்ந்த பிறகு பூஜை போடுங்கள். பேங்க் லோனை ஸ்டேஜ் ஸ்டேஜாகத்தான் விடும், முதலில் உங்கள் பங்கைப் போடச் சொல்லும். கட்டி முடிக்கும்வரை வட்டியும் குரோம்பேட்டை வாடகையும் ஒன்றாக ஓடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பிளான் அப்ரூவலுக்கு அலைச்சல் குறைவு: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கும்.

மனை அப்பா பெயரில் இருப்பது பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நான் சொல்லியே ஆக வேண்டும். அப்பா பெயரில் மனை இருந்தால் பேங்க் அவரையும் லோனில் சேர்க்கச் சொல்லும். அதோடு, உங்களுக்குத் தங்கை இருக்கிறார். அப்பா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய மனைக்கு உயில் எழுதாமல் போனால், இந்து வாரிசுச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு. நீங்கள் 20 வருஷம் இ.எம்.ஐ. கட்டிய வீடும் அந்த மனையோடு சேர்ந்ததுதான். தங்கைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை, ஒரு செங்கல் இறங்கும் முன் நால்வரும் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் பெயருக்கு மாற்றுவது என்று முடிவானால் குடும்பத்துக்குள் எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்குச் செலவு அதிகமில்லை: முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000, பதிவுக்கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். அப்போது உங்கள் சார்பில் அங்கே கையெழுத்துப் போட அப்பாவுக்கு நீங்கள் பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்து அனுப்பி, ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிடுங்கள்.

மனைவி மேடவாக்கத்தில் ஃபிளாட் வாங்கலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். 70 லட்சம் ஃபிளாட்டுக்கு பேங்க் அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரும், கையிலிருந்து 14 லட்சம். பில்டரிடம் நேரடியாக வாங்கினால் பத்திரச் செலவு 7 சதவீதம், அதற்கு லோன் கிடையாது, 4.9 லட்சம். கட்டி முடியாதது என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 3.5 லட்சம். சாவி வாங்கும் முன்னே 22 லட்சம் ரொக்கம் வேண்டும். மனை சும்மா கிடக்கும்போது எனக்கு இது சரியாகப் படவில்லை.

வெயிலில் நின்று வேலையை மேற்பார்க்க அப்பாவை விடாதீர்கள். கான்ட்ராக்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சைட் இன்ஜினியரைத் தனியாக அமர்த்தி, தளம் போடுவதற்கு முன் கம்பி கட்டியதை அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே அடுத்த தவணையை விடுங்கள். கடைசித் தவணையில் பத்து சதவீதம் உங்கள் கையில் இருக்கட்டும், முதல் மழை முடிந்து கொடுக்கலாம்.

அந்த ரேட் ஷீட்டை முழுசாக ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி. எதெல்லாம் விட்டுப்போயிருக்கிறது என்று குறித்துத் தருகிறேன்.